கேள்வி கேட்டவரை நீக்கினால் கேள்வி நீங்கிவிடுமா?

நமது சங்கத்தின் தோட்டக் கமிட்டி ஒன்றுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கமிட்டித் தலைவரும் செயலாளரும் அதற்கு அட்மின். தோட்டத்தில் வேலை செய்பவர்களோடு, கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை பார்க்கும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். கடந்த மே தினம் முடிந்து சில வாரங்களில், ஓர் இரவு, அங்கத்தவரான ஒரு தம்பி அந்தக் குழுவில் இப்படி எழுதினார்:

"தலைவரே, மே தினத்துக்கு பஸ் காசுன்னு வீட்டுக்கு 200 ரூபா வாங்கினீங்க. பஸ் காசை சங்கமே குடுத்திச்சுன்னு மாவட்டக் காரியாலயத்துல சொல்றாங்க. அப்ப எங்க காசு எங்க?"

அரை மணித்தியாலம் யாரும் பதில் போடவில்லை. அதன் பிறகு அந்தத் தம்பி குழுவிலிருந்து நீக்கப்பட்டார். "அவரை ஏன் நீக்கினீங்க?" என்று கேட்ட இன்னும் இருவரும் நீக்கப்பட்டார்கள். மறுநாள் காலையில் வழக்கம்போல சாமி படமும் காலை வணக்கமும் வந்தன. குழு அமைதியாகிவிட்டது.

குழுதான் அமைதியானது. தோட்டம் அமைதியாகவில்லை. நீக்கப்பட்ட தம்பி, அதே கேள்வியை முகநூலில் போட்டார். இந்த முறை "எங்கே" என்ற கேள்வி இல்லை; "தலைவர் மே தினக் காசைத் திருடிவிட்டார்" என்று எழுதினார். அதை ஊர் முழுக்கப் பகிர்ந்தது. இரண்டு நாளில் பெயரும் முகமும் இல்லாத ஒரு போலிக் கணக்கு முளைத்தது. அது தலைவரின் மகளுடைய படத்தைப் போட்டு, இங்கே எழுத முடியாத வார்த்தைகளை எழுதியது. உயர்தரம் படிக்கும் அந்தப் பிள்ளை இரண்டு வாரம் பாடசாலைக்குப் போகவில்லை. தலைவர் பொலிஸுக்குப் போனார். போலிக் கணக்கை நடத்தியவர் யாரென்று தெரியாததால், முறைப்பாட்டில் கேள்வி கேட்ட தம்பியின் பெயரைக் கொடுத்தார். சில குடும்பங்கள் சங்கத்திலிருந்து விலகின.

இத்தனையும் 200 ரூபாவைப் பற்றிய ஒரு கேள்வியில் ஆரம்பித்தது.

கணக்கு என்ன சொன்னது?

விஷயம் எங்களிடம் வந்தபோது நாங்கள் முதலில் கேட்டது கணக்குக் கொப்பியைத்தான். 160 வீடுகளில் தலா 200 ரூபா வாங்கப்பட்டிருந்தது. மொத்தம் 32,000 ரூபா. சங்கம் இரண்டு பஸ்ஸுக்குக் காசு கொடுத்திருந்தது உண்மை. ஆனால் இரண்டு பஸ்ஸிலும் ஏற முடியாத அளவுக்கு ஆட்கள் வந்துவிட்டதால் மூன்றாவதாக ஒரு பஸ் பிடித்திருக்கிறார்கள். அதற்கு 24,000 ரூபா. தேநீருக்கும் பணிஸுக்கும் 4,500 ரூபா. இரண்டுக்கும் துண்டு இருக்கிறது. மிச்சம் 3,500 ரூபா தலைவரின் கையில் இருந்தது. அதை என்ன செய்வதென்று கமிட்டி கூடித் தீர்மானிக்கவில்லை. எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை.

ஆக, தலைவர் திருடவில்லை. ஆனால் தம்பி கேட்ட கேள்வி சரியான கேள்வி. அந்த இரண்டு துண்டுகளையும் போனில் படமெடுத்துக் குழுவில் போட்டு, "மிச்சம் 3,500 ரூபா என்னிடம் இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்போம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஒரு பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் வீட்டில் அழுதிருக்கத் தேவையில்லை. ஒரு அங்கத்தவர் பொலிஸ் வாசலில் நின்றிருக்கத் தேவையில்லை.

இதில் எங்கள் பங்கையும் நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டக் கமிட்டிகள் வாட்ஸ்அப் குழுக்களை ஆரம்பித்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். கூட்ட அறிவித்தலை உடனே அனுப்பலாம், போராட்டத்துக்கு ஆட்களைத் திரட்டலாம் என்று நினைத்தோம். அங்கத்தவர் நம்மைக் கேள்வி கேட்கும் இடமாகவும் அது மாறும் என்று நாங்கள் நினைக்கவில்லை. அதற்கு எந்த ஒழுங்குவிதியும் செய்யவில்லை. தலைவருக்கு நீக்கும் பொத்தானைக் கொடுத்தோம். அதை எப்போது அழுத்தக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

குழுவும் ஒரு கூட்டம்தான்

முன்பு இந்தக் கேள்விகள் எங்கே கேட்கப்பட்டன? பிரட்டுக்களத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், லயத்து வாசலில், கோயில் முன்னால் கூடிய மாதக் கூட்டத்தில். தலைவர் ஒரு கதிரையில் இருப்பார். கேட்பவர் எழுந்து நின்று கேட்பார். கேட்கும்போது அவருடைய முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். பதில் சொல்லும்போது தலைவருடைய முகத்தையும் பார்ப்பார்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பின்னால் நிற்கும் ஓர் அக்கா, "அதெல்லாம் சரி, காசு எங்க?" என்று திரும்பவும் கேட்பார். கேள்வி கேட்டதற்காக ஒருவரைத் தூக்கிக் கூட்டத்துக்கு வெளியே போட எந்தத் தலைவருக்கும் தைரியம் வராது. அப்படிச் செய்தால் கூட்டமே எழுந்து போய்விடும்.

இன்று பல தோட்டங்களில் மாதக் கூட்டம் ஒழுங்காக நடப்பதில்லை. இளைஞர்கள் வெளியூரில். பெண்கள் மலையிலிருந்து வந்து சமைத்துப் பிள்ளைகளைப் பார்ப்பதற்கே நேரம் போதாது. ஆகவே கேள்வி போனுக்குப் போய்விட்டது. அது தவறில்லை. ஆனால் கூட்டத்தில் செய்யத் துணியாத ஒன்றை, போனில் ஒரு விரலால் செய்துவிட முடிகிறது. அங்கேதான் ஆபத்து இருக்கிறது. தமது பெயரில், தமது சந்தாவில் நடக்கும் ஒரு குழுவிலிருந்து, கணக்குக் கேட்டதற்காக ஓர் அங்கத்தவரை வெளியேற்றுவது, அவரைக் கூட்டத்திலிருந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். சத்தம் கேட்காது, அவ்வளவுதான்.

20 ரூபாவைக் கண்டுபிடித்தது யார்?

போனில் பேசப்படுவதெல்லாம் வம்பு என்று சொல்லும் தலைவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறோம். 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி, மலையக இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கறுப்பு உடையுடன் கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்கள். நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்பது கோரிக்கை. பெரிய சங்கம் எதுவும் அவர்களை லொறியில் ஏற்றிப் போகவில்லை. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பேசிப் பேசித்தான் அந்தக் கூட்டம் கூடியது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்காகக் கொழும்பில் வேலை செய்யும் மகன் நின்றான்.

2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தம் கையொப்பமானது. அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவிலிருந்து 700 ரூபாவாக உயர்ந்தது. நூற்றுக்கு 40 வீத அதிகரிப்பு என்று மேடைகளில் சொல்லப்பட்டது. அன்றிரவே இளைஞர்கள் போனில் கணக்குப் போட்டார்கள். பழைய ஒப்பந்தத்தில் அடிப்படை 500, வருகைக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப் பங்குக் கொடுப்பனவு 30. மொத்தம் 730 ரூபா. புதிய ஒப்பந்தத்தில் வருகைக் கொடுப்பனவும் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் இல்லை. அடிப்படை 700, விலைப் பங்கு 50. மொத்தம் 750 ரூபா. அப்படியானால் நாளும் தவறாமல் வேலைக்குப் போய், முழு நிறையும் எடுத்த ஒரு தொழிலாளிக்குக் கையில் கூடியது 20 ரூபா.

அந்தக் கணக்கு மறுக்க முடியாதது. அதே நேரம் இன்னொரு பக்கமும் உண்டு. ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் அடிப்படைச் சம்பளத்தின் மேல் கணக்கிடப்படுவதால் அங்கே ஒரு நன்மை இருந்தது. முழு நிறை எடுக்க முடியாத, வருகைக் கொடுப்பனவு கிடைக்காத தொழிலாளிக்குக் கூடியதும் 20 ரூபாவை விட அதிகம். இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் தொழிலாளர்கள் தாமே நிறுத்துப் பார்த்திருப்பார்கள். 40 வீதம் என்று மட்டும் சொன்னதால், சொன்ன உண்மையையும் யாரும் நம்பவில்லை.

இதில் எல்லாச் சங்கங்களுக்கும் பாடம் இருக்கிறது. பாதிக் கணக்கைச் சொன்னால் மீதிக் கணக்கைத் தொழிலாளியின் பிள்ளை போனில் போட்டுக் காட்டும். அந்தப் பிள்ளை எதிரியல்ல.

தராசைக் காட்டு என்று கேட்பவர்கள் நாம்

கொழுந்து நிறுக்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? தராசை நம் பக்கம் திருப்பு என்கிறோம். சாக்குக்கும் தண்ணீருக்கும் எத்தனை கிலோ கழித்தாய் என்று கேட்கிறோம். சம்பளத் துண்டில் எதற்குக் காசு வெட்டினாய் என்று துரையிடம் கேட்கிறோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு, அரசாங்கக் காரியாலயங்களிலும் எழுதிக் கேட்க நமக்கு உரிமை கிடைத்திருக்கிறது. வீடமைப்புக்கு ஒதுக்கிய பணம் என்னாயிற்று, பாதைக்கு ஒதுக்கிய பணம் என்னாயிற்று என்று பெயரும் விலாசமும் போட்டு மனு கொடுக்கிறோம். கேட்பது உரிமை என்று அங்கத்தவருக்குச் சொல்லிக் கொடுத்ததே சங்கம்தான். அதே அங்கத்தவர் சங்கத்தின் தராசைத் திருப்பச் சொன்னால் மட்டும் நமக்கு ஏன் கோபம் வருகிறது?

சங்கத்துக்கும் சட்டம் இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பொருளாளர் வருடத்துக்கு ஒரு தடவையாவது அங்கத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை அங்கத்தவருக்கு இருக்கிறது. தொழிற்சங்கப் பதிவாளருக்கும் வருடாந்தக் கணக்கு அனுப்ப வேண்டும். செக்ரோலில் மாதாமாதம் வெட்டப்படும் சந்தா, மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்த காசு. அதைப் பற்றிக் கேட்க ஓர் அங்கத்தவர் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

நமது வரலாறும் இதைத்தான் சொல்கிறது. தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில், துணி வியாபாரி வேடத்தில் உள்ளே போய்த் தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர் கோ. நடேசய்யர். அவர் வெறும் கூட்டம் மட்டும் போடவில்லை, பத்திரிகை நடத்தினார். 1924இல் ஆரம்பித்த 'தேசபக்தன்' பத்திரிகையில் தோட்டத்து அநியாயங்களைப் பகிரங்கமாக எழுதினார். காதுக்குள் பேசப்பட்டதை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கொண்டுவந்ததில்தான் மலையகத் தொழிற்சங்க இயக்கம் வளர்ந்தது. பகிரங்க விமர்சனத்தில் பிறந்த இயக்கம், பகிரங்க விமர்சனத்துக்குப் பயப்படலாமா?

"துரை பார்க்கிறார், எதிர்ச் சங்கம் சிரிக்கிறது"

தலைவர்கள் எங்களிடம் சொல்லும் காரணங்களையும் நாங்கள் ஒதுக்கவில்லை. "குழுவில் எழுதுவது அடுத்த நிமிடம் துரையின் போனில் இருக்கிறது" என்கிறார்கள். உண்மை. "எதிர்ச் சங்கத்துக்காரர் ஸ்கிரீன்சொட் எடுத்து அங்கத்தவர்களை இழுக்கிறார்" என்கிறார்கள். அதுவும் உண்மை. "வீட்டுச் சண்டையைத் தெருவில் போடக் கூடாது" என்கிறார்கள்.

இரகசியமாக இருக்க வேண்டியவை சில இருக்கின்றன. சம்பளப் பேச்சுவார்த்தையில் நாம் எதுவரை இறங்குவோம் என்பது குழுவில் எழுதக் கூடியதல்ல. எந்த மலையில் எப்போது வேலையை நிறுத்துவோம் என்பதும் அப்படியே. ஒரு தொழிலாளியின் நோய், குடும்பப் பிரச்சினை, ஒழுக்காற்று விசாரணை ஆகியவற்றையும் அங்கே பேசக் கூடாது. இவற்றைக் கேட்பவரிடம், "இதைக் குழுவில் பேச முடியாது, கமிட்டியில் பேசுவோம், இன்ன நாள் வாருங்கள்" என்று சொல்லலாம். அது ஒரு பதில்.

ஆனால் சந்தாக் காசும், வீடு வீடாக வாங்கிய காசும், தலைவர் செய்த வேலையும் செய்யாத வேலையும் இரகசியங்கள் அல்ல. துரை பார்த்தால் பார்க்கட்டும். கணக்குச் சுத்தமாக இருக்கும் சங்கத்தைப் பார்த்துத்தான் துரை பயப்படுவார். எதிர்ச் சங்கம் ஸ்கிரீன்சொட் எடுத்தால் எடுக்கட்டும். அந்தப் படத்தில் கேள்விக்குக் கீழே நமது பதிலும் இருந்தால், அது நமக்கே விளம்பரம். பதில் இல்லாத கேள்வியைத்தான் எதிர்ச் சங்கம் பயன்படுத்த முடியும். அந்தத் தோட்டத்தில் நடந்ததும் அதுதான்.

கேட்பவருக்கும் கடமை உண்டு

இதுவரை தலைவர்களுக்குச் சொன்னோம். இனிக் கேள்வி கேட்பவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

மொட்டைப் பெட்டிசம் என்றால் என்ன என்று நம் அனைவருக்கும் தெரியும். கையெழுத்தில்லாமல் தபாலில் வரும். பாதி பொய், பாதி பொறாமை. அது வந்தால் ஒரு மனிதர் வேலையிழப்பார், ஒரு குடும்பம் தலைகுனியும், எழுதியவர் நம்மோடு நின்றே அனுதாபப்படுவார். இன்றைய போலிக் கணக்கு அந்த மொட்டைப் பெட்டிசத்தின் பேரப்பிள்ளை. தபாலில் ஒருவருக்கு வந்தது, இன்று ஆயிரம் பேருக்கு ஒரே நொடியில் போகிறது.

பெயர் சொல்ல முடியாத நிலைமைகளும் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறோம். கங்காணியின் தொல்லையைப் பற்றிச் சொல்லும் ஒரு பெண், பெயர் போட்டால் அடுத்த நாளே மலையில் பழிவாங்கப்படுவார். அவருடைய பெயரைக் காப்பது நமது கடமை. அப்படிப்பட்டவர்கள் மாதர் தலைவியிடமோ மாவட்டக் காரியாலயத்திலோ நேரில் சொல்லலாம். சங்கம் தன் பெயரில் அந்தக் கேள்வியைக் கேட்கும். ஆனால் கணக்குக் கேட்பதற்கு முகமூடி தேவையில்லை. அந்தத் தம்பி முதலில் தன் சொந்தப் பெயரில்தான் கேட்டார். அது மரியாதைக்குரிய செயல். நாம் அவரை நீக்கியதால்தான் முகமூடிக்காரருக்கு இடம் கிடைத்தது.

இரண்டாவது, கேள்வி வேறு, தீர்ப்பு வேறு. "காசு எங்கே?" என்பது கேள்வி. "திருடிவிட்டார்" என்பது தீர்ப்பு. துண்டைப் பார்க்கும் முன்னால் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரு தொழிலாளியைத் துரை விசாரணையில்லாமல் நிறுத்தினால் நாம் எப்படிக் கொதிப்போம்? விசாரணையில்லாத் தீர்ப்பு யாருக்கு எதிராக வந்தாலும் அநியாயம்தான்.

மூன்றாவது, இதுதான் முக்கியம். தலைவரின் வேலையைப் பற்றிப் பேசுங்கள். அவருடைய மகளைப் பற்றி, மனைவியைப் பற்றி, சாதியைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு பெண் தலைவியை விமர்சிக்கும்போது அவருடைய கணக்கை விட்டுவிட்டு நடத்தையைப் பேசுவது நம் ஊர்களில் பழக்கமாகிவிட்டது. இதனாலேயே பல அக்காமார் குழுவில் ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை. கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். குழுவில் பேசுபவர்களோ ஆண்கள். இந்த நிலைமையில் குழுவில் எழும் குரலைத் தோட்டத்தின் குரல் என்று எப்படிச் சொல்வது?

பொலிஸ் வாசல் நமது கணக்குக் காரியாலயமல்ல

அவதூறைக் குற்றவியல் குற்றமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகள் நமது நாட்டில் 2002இல் நீக்கப்பட்டன. பத்திரிகையாளர்களும் ஜனநாயகவாதிகளும் நீண்ட காலம் கேட்டுப் பெற்ற மாற்றம் அது. ஆனால் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு, போனில் எழுதுவதைக் குறித்துப் புதிய பயம் பிறந்திருக்கிறது. பொய்யான கூற்று என்று கருதப்படும் சில வகைப் பதிவுகளுக்கு ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை அதில் உண்டு. எது பொய்க் கூற்று என்று பார்க்க ஓர் ஆணைக்குழுவும் அதில் உண்டு. விமர்சனத்தை அடக்க இது பயன்படும் என்று ஊடக அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்த்தன.

இப்படியான சட்டங்கள் எப்போதும் கீழே இருப்பவர் மேல்தான் முதலில் விழும். சம்பளம் போதாது என்று முகநூலில் எழுதும் தொழிலாளிமேல் ஒரு கம்பனி இதைப் பாவிக்காது என்று யார் உத்தரவாதம் தருவார்? அப்படி ஒரு நாள் வந்தால் அந்தத் தொழிலாளிக்காக நீதிமன்றத்தில் நிற்க வேண்டியது சங்கம். அப்போது எதிர்த் தரப்பு, "உங்கள் தலைவரே தன் அங்கத்தவர்மேல் முறைப்பாடு கொடுத்தாரே" என்று கேட்டால் என்ன சொல்வோம்?

ஆகவே சொல்கிறோம்: ஒரு பெண் பிள்ளையின் படத்தைப் போட்டு இழிவுபடுத்துபவருக்கு எதிராகப் பொலிஸுக்குப் போவது நியாயம், சங்கமும் கூடவே வரும். ஆனால் கணக்குக் கேட்டவருக்கு எதிராகப் பொலிஸுக்குப் போவது சங்கத்துக்குச் செய்யும் துரோகம். இரண்டையும் ஒரே முறைப்பாட்டில் கலப்பது அதைவிடப் பெரிய தவறு.

நாங்கள் முன்வைக்கும் ஒழுங்குகள்

அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு முன்னால் எல்லாத் தோட்டக் கமிட்டிகளும் கீழே உள்ளவற்றைப் பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

1. சங்கத்தின் பெயரில் நடக்கும் குழுவிலிருந்து கேள்வி கேட்டதற்காக யாரையும் நீக்கக் கூடாது. ஆபாசம், சாதி நிந்தை, பெண்களை இழிவுபடுத்தல், மிரட்டல் இவற்றுக்கு மட்டுமே நீக்கலாம். நீக்கினால் காரணத்தைக் குழுவில் எழுத வேண்டும். நீக்கப்பட்டவர் மாவட்டக் காரியாலயத்தில் முறையிடலாம்.

2. தலைவர் மட்டும் அட்மினாக இருக்கக் கூடாது. மாதர் தலைவியும், பதவியில் இல்லாத ஓர் அங்கத்தவரும் அட்மினாக இருக்க வேண்டும். இருவர் சம்மதிக்காமல் எவரையும் நீக்கக் கூடாது.

3. கேட்ட கேள்விக்கு ஏழு நாட்களுக்குள் பதில் வர வேண்டும். "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்பதும் பதில்தான். ஆனால் பார்த்துச் சொல்லவும் வேண்டும்.

4. வீட்டுக்கு வீடு காசு வாங்கினால், செலவு முடிந்து இரண்டு வாரத்துக்குள் வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் துண்டுகளோடு குழுவில் போட வேண்டும். அதே கணக்கை ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கூடும் இடத்தில் ஒட்டவும் வேண்டும்.

5. வாசிக்க முடியாதவர்களுக்காக ஒவ்வொரு கணக்கையும் குரல் பதிவாகவும் அனுப்ப வேண்டும். போன் இல்லாதவர்களுக்காக மாதக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். குழு இருக்கிறது என்பதற்காக மாதக் கூட்டத்தைக் கைவிடக் கூடாது.

6. பிழை எங்கே சொல்லப்பட்டதோ, அங்கேயே திருத்தமும் சொல்லப்பட வேண்டும். தலைவர் தவறாகச் சொன்னாலும் சரி, அங்கத்தவர் தவறாகக் குற்றம் சாட்டினாலும் சரி. ஆயிரம் பேர் முன்னால் திருடன் என்று எழுதிவிட்டு, தனியாகப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்பது போதாது.

இவை பெரிய விஷயங்கள் அல்ல. காசு செலவாகாது. கொஞ்சம் பொறுமையும், கொஞ்சம் வெட்கப்படத் தயாராக இருக்கும் மனமும் போதும்.

அந்தத் தோட்டத்தில் இப்போது

அந்தத் தோட்டத்தில் நாங்கள் ஒரு கூட்டம் வைத்தோம். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் முன்னால். தலைவர் இரண்டு துண்டுகளையும் மிச்சக் காசையும் மேசைமேல் வைத்தார். "நான் அன்னைக்கே இதைக் காட்டியிருக்கணும், கோபத்துல நீக்கிட்டேன்" என்றார். தம்பி கொழும்பிலிருந்து வந்திருந்தார். "நான் கேட்டதுல பிழையில்ல. ஆனா திருடினாருன்னு எழுதினது பிழை" என்றார். அன்றே முகநூலிலும் அதை எழுதினார். தலைவர் முறைப்பாட்டிலிருந்து தம்பியின் பெயரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். நீக்கப்பட்ட மூவரும் குழுவில் சேர்க்கப்பட்டார்கள். விலகிய குடும்பங்கள் இன்னும் திரும்பி வரவில்லை. அந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போகிறாள். போலிக் கணக்கை நடத்தியவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை; அவரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம்.

கூட்டம் முடியும் நேரத்தில், போன் இல்லாத ஒரு பெரியம்மா பின்னாலிருந்து எழுந்தார். "பஸ் காசு சரி. மரணச் சகாய நிதிக்கு மாசாமாசம் குடுக்கிறோமே, அதுக்குக் கணக்கு எப்ப?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். ஆனால் பெரியம்மா சிரிக்கவில்லை. பதில் வரும்வரை உட்காரவும் இல்லை.

அந்தக் கணக்கு ஒரு மாதத்துக்குள் வைக்கப்படும் என்று கமிட்டி அங்கேயே ஒப்புக்கொண்டது. வைக்கப்பட்டதா இல்லையா என்பதை அடுத்த இதழில் எழுதுவோம். எழுதாவிட்டால், எங்களையும் கேளுங்கள். பெயர் போட்டுக் கேளுங்கள், பகிரங்கமாகக் கேளுங்கள்.